குதிரைக்காரரின் சாம்பல் சட்டை

குதிரைப்படைச் சாமான்களைப் பார்க்க என் வீட்டுக்கு வருகிற ஆண்கள் வாசலில் நின்று முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "சார் இல்லீங்களா?" சார் என்றால் என் வீட்டுக்காரர். அந்த மனிதருக்குக் குதிரையின் தலை எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. "நான்தாங்க, உள்ள வாங்க" என்றால் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறார்கள். இத்தனை வருஷமாக இதையே சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

செங்கம் சாலையில் எங்களுக்கு ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸ். கீழே நாங்கள், மாடியில் வாடகை அறைகள். இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது பூந்தொட்டியால்தான். பால்கனியில் தொட்டி மாட்ட ஏதாவது வளையம் கிடைக்குமா என்று காயலான் கடையில் துழாவியபோது இரண்டு கனமான இரும்பு வளையங்கள் கிடைத்தன. அடிப்பக்கம் தட்டையாக இருந்தது, தொட்டி உட்காரத் தோது. மாட்டிவிட்டேன். பிறகு தங்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் அதைப் பார்த்து அப்படியே படியில் நின்றுவிட்டார். அவை குதிரை மேல் உட்காருகிறவர் கால் வைக்கும் அங்கவடிகளாம், பட்டாளத்துக் குதிரையுடையவையாம். அன்றைக்கு ராத்திரி தொட்டியை இறக்கி வைத்துவிட்டு அந்த இரும்பைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். ஆற்காட்டில் குதிரைப்படை இருந்தது என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வரி படித்ததோடு சரி. அந்த ஒரு வரி என் கையில் கனமாக உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பிறகு என்னை யாராலும் பிடிக்க முடியவில்லை. கடிவாள இரும்பு, தோட்டாப் பை, பித்தளைப் பொத்தான், ஈட்டி முனை, இற்றுப்போன தோல் வார் என்று ஓர் அறை நிறைந்துவிட்டது. அந்த அறையை வாடகைக்கு விட முடியாமல் போனதில் என் வீட்டுக்காரருக்கு இன்றுவரை ஆற்றாமை. "பௌர்ணமிக்குப் பௌர்ணமி ரூம் இல்லன்னு ஆளுங்கள திருப்பி அனுப்பறோம். குதிரைக்கு மட்டும் தனி ரூமு" என்பார். குதிரைகூட இல்லை, அதன் வார் மட்டும்தான் என்று நானும் விடாமல் திருத்துவேன்.

வாட்ஸ்ஆப்பில் இதற்கென்று ஒரு குழு இருக்கிறது. யாரோ சேர்த்துவிட்டார்கள். அத்தனை பேரும் ஆண்கள். எனக்கு அங்கே பெயரே கிடையாது, சிஸ்டர்தான். நான் ஒரு பொத்தானைப் படம் எடுத்துப் போட்டு, இது இன்ன படையுடையது, இன்ன காரணத்தால் அப்படிச் சொல்கிறேன் என்று எழுதினால், "நைஸ் சிஸ்டர்" என்று ஒரு கட்டைவிரல் வரும். அதையே பத்து நிமிஷம் கழித்து வேறொருவர் எழுதினால், "சூப்பர் அனாலிசிஸ் சார்" என்று கைதட்டல். குழுவின் தலைவர் சென்னைக்காரர். ஏதோ கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பட்டாளத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை, மீசை மட்டும் பட்டாளத்து மீசை. அதனால் எல்லோருக்கும் அவர் கர்னல் சார். உடுப்பு விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

எங்களுக்குப் பால் ஊற்றுகிற அக்கா அடி அண்ணாமலைக்காரர். தினமும் காலையில் ஸ்கூட்டியில் கேனோடு வருவார். ஒரு நாள் அந்த அங்கவடிகளைக் கழுவித் திண்டில் காய வைத்திருந்தேன். அக்கா வண்டியை நிறுத்திவிட்டு உற்றுப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, எங்க சாமிப் பொட்டியில இருக்கிறது உன் வூட்ல கெடக்குது?"

"சாமிப் பொட்டியா?"

"எங்க குதிரக்காரரு பொட்டிதான். இந்த மாரி வளையம் ஒண்ணு, அவரு சொக்கா ஒண்ணு. அவ்ளோதான் மிச்சம்."

அக்காவின் கணவர் வீட்டு முன்னோர் ஒருவர், எத்தனை தலைமுறைக்கு முன்பு என்று அவர்களுக்கே தெரியாது, ஆற்காட்டுக்குப் போய்க் குதிரைப்படையில் சேர்ந்தாராம். அவர் செத்த பிறகு வீட்டுக்கு வந்து சேர்ந்தது அந்தச் சட்டையும் ஒற்றை வளையமும்தான். அன்றிலிருந்து அவர் வீட்டுச் சாமி. தை மாதத்தில் ஒரு நாள் பெட்டியைத் திறந்து, புது வேட்டி வைத்து, இலை போட்டுப் படைப்பார்கள். மறுபடி மூடினால் அடுத்த தைக்குத்தான். நடுவில் திறந்தால் அவருக்கு ஆகாது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சென்னை ராஜதானிக் குதிரைப்படைச் சிப்பாய் போட்ட சட்டையை நான் படத்தில் பார்த்திருக்கிறேன். கடல் தாண்டி ஏதோ அருங்காட்சியகங்களில் ஒன்றிரண்டு இருக்கலாம், அதுவும் வெள்ளைக்கார அதிகாரிகளுடையவை. சாதாரணச் சிப்பாயின் சட்டையை யார் எடுத்து வைத்தார்கள்? அது என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், கிரிவலப் பாதையில், ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. தை பிறக்கிற வரைக்கும் நான் பட்ட அவஸ்தை கொஞ்ச நஞ்சமல்ல.

படையல் அன்று போனேன். "போன வெளிய வச்சிட்டு வாம்மா. அவரு மொகத்துக்கு நேரா அதெல்லாம் நீட்டக் கூடாது" என்றார் அக்கா. வைத்துவிட்டுப் போனேன். கற்பூரம் ஏற்றிப் பெட்டியைத் திறந்தார்கள். மடித்த மடிப்பாக இருந்தது. சாம்பல் நிறம். வெறும் சாம்பல் இல்லை, உள்ளே மெல்லிசாக நீலம் ஓடுகிற சாம்பல். சென்னைக் குதிரைப்படைக்கே உரிய நிறம் என்று புத்தகங்களில் இதைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறார்கள்! அச்சில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், எதை நம்புவதென்றே தெரியாது. கழுத்தோரம் ஜரிகை கறுத்திருந்தது. கற்பூரம் அணைவதற்குள் பெட்டியை மூடிவிட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்தி என்று நினைத்து அக்கா எனக்கு விபூதி பூசிவிட்டார்.

குழுவில் எழுதினேன். வரிக்கு வரி எழுதினேன். "போட்டோ சிஸ்டர்?" என்றார்கள். போட்டோ எடுக்க விடவில்லை என்றேன். உடனே கர்னல் சார், "பழைய சட்டை எல்லாமே சாம்பல் கலராத்தான் தெரியும் சிஸ்டர். அதுக்குப் பேரு தூசி" என்று எழுதி ஒரு சிரிப்பு பொம்மையும் போட்டார். அதற்கு நாற்பது பேர் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை மெத்தையில் எறிந்தேன். தரையில் எறிந்தால் நான்தானே புதுசு வாங்க வேண்டும்.

அந்த வருஷமே குழுவின் சார்பாகச் சென்னையில் ஒரு கண்காட்சி என்று அறிவித்தார்கள். கர்னல் சார் என்னிடம் நேரடியாகப் பேசினார். "அந்தச் சட்டைய கொண்டு வாங்க சிஸ்டர், சென்டர்ல வைக்கிறோம்." நான் பால் அக்கா வீட்டுக்கு நடையாய் நடந்தேன். அக்கா, அவர் கணவர், பிள்ளைகள், பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிற மருமகள் என்று வீடே கூடிப் பேசியது. கடைசியில் இரவல் கொடுக்கச் சம்மதித்தார்கள். அக்கா கேட்டது ஒன்றே ஒன்று.

"எங்க ஊரு பேரு போர்டுல இருக்கணும். அவரு எங்க வூட்டு ஆளுன்னு எழுதணும். இத்தினி வருசமா பொட்டிக்குள்ளயே கெடக்கறாரு, நாலு பேரு பாத்து, ஓ இந்த ஊர்க்காரரான்னு சொன்னா போதும். வேற எதுவும் வாணாம்."

சத்தியம் கேட்டார்கள். எரிகிற கற்பூரத்தின் மேல் அடித்துச் செய்தேன். உள்ளங்கை இரண்டு நாள் எரிந்தது. "அதுவரைக்கும் பத்திரமா வைங்கக்கா, பூச்சி அரிக்காம, நல்லபடியா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வாயை அப்போதே தைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

கண்காட்சிக்கு முந்தின வெள்ளிக்கிழமை வாங்கப் போனேன். வாசலில் கோலம், உள்ளே எல்லோர் முகத்திலும் சிரிப்பு. தாம்பாளத்தில் வாழையிலை போட்டு, அதன் மேல் சட்டையை வைத்து, பூ சுற்றிக் கொண்டுவந்து நீட்டினார்கள்.

சட்டை மஞ்சளாக இருந்தது. பளபளவென்று, புதுப் பெண்ணின் தாலிக்கயிறு மாதிரி மஞ்சள்.

"இன்னாக்கா இது?" என்றேன்.

"மஞ்சத் தண்ணியில தோச்சி எடுத்தோம்மா. மொத மொதலா வெளியூரு கெளம்பறாரு. புதுத் துணிக்கே மூலையில மஞ்சத் தடவாம கட்டறதில்ல, அவர அப்பிடியே அனுப்ப முடியுமா? கெழங்கு மஞ்சளா வாங்கியாந்து, நானே அரச்சி, ராத்திரி முச்சூடும் ஊற வச்சேன். மடிப்புகூடப் பிரிக்கல. நெழல்லயே காய வச்சோம்."

"பூச்சியும் வராது ஆன்ட்டி" என்றார் டீச்சர் மருமகள்.

வெளியூர் கிளம்புகிற பெரியவரைக் குளிப்பாட்டி அனுப்புகிற மாதிரி அனுப்புகிறார்கள். கத்தினால் யாரைப் பார்த்துக் கத்துவது? தாம்பாளத்தை வாங்கிக்கொண்டேன். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு அழுதேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்காம்மா?" என்று கேட்டார். இல்லை, வீட்டுக்குத்தான் என்றேன். வீட்டில் என் மகாராஜா சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "மஞ்ச நல்லதுதானே" என்றார். அன்றைக்கு அந்த வீட்டில் சமையல் இல்லை.

சாம்பல் போனால் போகிறது, நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று குழுவில் படம் போட்டேன். மஞ்சளில் நனைத்துவிட்டார்கள், அசல் நிறம் சாம்பல், நான் கண்ணால் பார்த்தேன் என்று கீழே எழுதினேன். கீழே எழுதியதை எவன் படிக்கிறான்? அடுத்த நிமிஷம் கர்னல் சாரிடமிருந்து குரல் பதிவு. மூச்சு வாங்கப் பேசினார். வடக்கே ஒரு குதிரைப்படைக்கு உடுப்பே மஞ்சள்தானாம், அது எப்படியோ தெற்கே வந்து சேர்ந்திருக்கிறதாம், இந்த வருஷத்தின் பெரிய கண்டுபிடிப்பாம். குழு முழுக்கக் கைதட்டல். எனக்கும் ஒரு கைதட்டல் வந்தது, "லக்கி சிஸ்டர்" என்று.

போன் போட்டேன். "சார், அது மஞ்சள். மளிகைக் கடை மஞ்சள். அரைச்சவங்க எனக்குத் தினம் பால் ஊத்தறாங்க."

"சிஸ்டர், மஞ்சள் இவ்வளவு ஈவனா ஏறாது. கம்பளித் துணில பிடிக்கவே பிடிக்காது. இது ரெஜிமெண்ட் சாயம். நான் எவ்வளவு பார்த்திருக்கேன்."

கேட்டீர்களா? பிறந்ததிலிருந்து மஞ்சளில் புழங்குகிறவள் நான். தாலிக்கயிற்றில் பூசுகிறேன், குழம்பில் போடுகிறேன், வாசல்படியில் தடவுகிறேன், துணியில் பட்டால் போகாமல் மாரடிக்கிறேன். எனக்கு மஞ்சள் எது என்று அவர் சொல்லிக்கொடுக்கிறார். "ஒரு சொட்டு சுண்ணாம்புத் தண்ணி வச்சுப் பார்க்கலாம் சார், மஞ்சளா இருந்தா செவந்துடும். ஆரத்தி கரைச்ச எந்தப் பொம்பளைக்கும் தெரியும்" என்றேன். அவர் பதறிவிட்டார். "ஐயோ, ஆர்ட்டிஃபாக்ட் மேல கை வைக்காதீங்க!" முழுசாக ஒரு ராத்திரி மஞ்சள் தண்ணீரில் கிடந்த சட்டை அது. ஒரு சொட்டுக்கு என்னை மிரட்டினார்.

"ஊர் பேராவது போர்டுல சரியாப் போடுங்க சார். சத்தியம் பண்ணியிருக்கேன்."

"கண்டிப்பா சிஸ்டர். அதெல்லாம் நான் பாத்துக்கறேன்."

நம்பினேன். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போய்ச் சென்னையில் ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சிக்குப் போகப் பால் அக்கா குடும்பம் ஒரு வேன் பிடித்தது. என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். வழியெல்லாம் புளிசாதமும் பாட்டும்தான். அக்கா பட்டுப்புடவையில் இருந்தார். மடியில் தேங்காய், பழம், வெற்றிலை வைத்த தட்டு. நடு மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் சட்டை நின்றுகொண்டிருந்தது. பொம்மை மேல் மாட்டி, தோளுக்குப் பஞ்சு அடைத்து, இடுப்பில் யாருடையதோ கச்சை கட்டி, தலையில் யாருடையதோ முண்டாசு வைத்து, பக்கத்தில் ஒரு ஈட்டியும் சாய்த்திருந்தார்கள். நானே ஒரு நிமிஷம் யாரோ என்று நினைத்தேன்.

அக்கா தட்டைக் கீழே வைத்துக் கும்பிடப் போனார். மருமகள் போர்டைப் படித்தார். ஆங்கிலத்தில் இருந்தது. படிக்கப் படிக்க அவர் முகம் சுருங்கியது.

"அத்த, வடநாட்டுக் குதிரப்படை உடுப்புன்னு போட்டிருக்குது. நம்ம ஊரு பேரு இல்ல. வீட்டு ஆளுன்னும் எழுதல."

அக்கா கும்பிட்ட கையை இறக்கினார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. கர்னல் சாரைத் தேடிப்பிடித்து, அத்தனை பேர் நடுவில், "இன்னா சார் எழுதி வச்சிருக்கீங்க? இதோ நிக்கறாங்க, இவங்கதான் தோச்சாங்க, கேளுங்க" என்று கத்தினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அக்காவிடம் குனிந்து, ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

"அம்மா, உங்க வீட்டுச் சட்டை என்ன கலர்?"

"சாம்பக் கலருங்க. நான்தான் மஞ்சத் தண்ணியில..."

"அது வேற சட்டையா இருக்கும்மா. இது நெய்யும்போதே மஞ்சள். நான் கேரண்டி."

அக்கா கண்ணாடியில் முகம் வைத்துப் பார்த்தார். மேலும் கீழும் பார்த்தார். "நாங்க மடிப்பாத்தான் பாத்திருக்கோம். பிரிச்சி நிக்க வச்சி பாத்ததே இல்ல" என்று சொன்னார். பிறகு மருமகளிடம், "இவ்ளோ பெரிய மனுசரு, போர்டு வேற அடிச்சி வச்சிருக்காங்க, பொய்யா சொல்லுவாங்க?" என்றார். தட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். தேங்காயை உடைக்கவில்லை. என் பக்கம் திரும்பி, கோபமே இல்லாமல், தொலைந்த குழந்தையைப் பற்றிக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"அப்ப எங்காளு எங்கம்மா?"

இதுதான்க்கா உங்க ஆளு, இதுதான், சத்தியமா இதுதான் என்று எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. கர்னல் சார் "எமோஷனல் ஆகாதீங்க சிஸ்டர்" என்றார். அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்பதை அச்சில் ஏற்ற முடியாது. அன்று சாயங்காலமே குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். சட்டையை அப்போதே கண்ணாடியைத் திறக்க வைத்து, கச்சையையும் முண்டாசையும் கழற்றி வீசிவிட்டு, வாங்கிக்கொண்டு வேனில் ஏறினேன். திரும்பி வரும்போது பாட்டு இல்லை.

வீட்டு வாசலில் அக்கா சட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். முகர்ந்துகூடப் பார்த்தார். "மஞ்ச வாசன வருது. ஆனா மஞ்ச உன் வூட்லயும் இருக்குது, அங்க ஏறின வாசனயோ இன்னாவோ" என்றார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நீ சொல்றதால வச்சிக்கறோம்மா" என்று பெட்டியில் வைத்து மூடினார்.

சுண்ணாம்பு வைத்துக் காட்டுகிறேன் என்றேன். சாமி துணியில் சுண்ணாம்பா என்று காதைப் பொத்திக்கொண்டார். ஓரத்தில் ஒரு நூல் பிரித்துப் பார்க்கலாம் என்றேன். "அவரு ஒடம்பும்மா அது" என்றார். அங்கே அவர் கை வைக்க விடவில்லை, இங்கே இவர் விடவில்லை. பாலை மட்டும் ஒரு நாள் தவறாமல் ஊற்றினார். பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடவில்லை.

இந்த வருஷம் தையில் மறுபடி கூப்பிட்டார்கள். போகாமல் இருக்கலாமா என்று நினைத்தேன். போனேன். போனை நானே வெளியே வைத்துவிட்டு உள்ளே நுழைந்தேன். பெட்டிக்கு முன்னால் வழக்கமான தலைவாழை இலை. சோறு, கறிக்குழம்பு, முட்டை, வடை, பாயசம். அதற்குப் பக்கத்தில் இன்னோர் இலை போட்டிருந்தது. அதில் சப்பாத்தி அடுக்கியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு புது பைஜாமா, மூலையில் மஞ்சள் தடவி.

"இது யாருக்குக்கா?"

"எதுக்கும் இருக்கட்டும்னுதாம்மா. எங்காளா இருந்தா இந்த எலையில சாப்புடட்டும். அந்தப் பெரியவரு சொன்ன மாரி ஆளு மாறி வந்திருந்தா? பாவம், எந்த ஊரு புள்ளையோ, எப்பிடிச் செத்துச்சோ. நம்ம வூட்டுக்கு வந்துட்டு பட்டினியா கெடக்கலாமா?"

அப்படி ஒரு ஆளே இல்லை, அந்த மீசைக்காரர் வாயிலிருந்து வந்து உங்கள் வீட்டில் உட்கார்ந்துவிட்டான் என்று தொண்டை வரைக்கும் வந்தது. வீட்டு ஆட்கள் எல்லோரும் கை கட்டி நின்றிருந்தார்கள். அக்கா ஒரு கிண்ணத்தை என் முன்னால் நீட்டினார். படைப்பதற்கு முன் ருசி பார்க்கக் கூடாது, அதனால் நிறத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னார்.

"நீதான் இதெல்லாம் படிச்சவ. அவங்க ஊர்ல காரம் கம்மியாத்தான் சாப்புடுவாங்களாமே. குருமா ஜாஸ்தி செவந்துட்டாப்பல இருக்குது. அவரு சாப்புடுவாரா?"

"சாப்பிடுவாருக்கா" என்றேன்.